மெமரி பொருந்தினால் மரணம்

பிரேக்குக்குப் பயம் வந்தால் வாய் நீளும். வாய் நீண்டால் அண்ணி முறைப்பாள். அண்ணி முறைத்தால் அவனுக்கு இன்னும் பயம் வரும். அவர்களுடைய துப்பறியும் தொழில் இந்தச் சக்கரத்தின் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பிரேக் என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டிய காலத்தில், ரோட்டில் காகிதம் பறந்தாலும் பிரேக் போடுவானாம். பிள்ளைகள் வைத்த பெயர். வேலை போய்விட்டது, பெயரும் வேனும் தங்கிவிட்டன. அண்ணி, அதாவது அவன் அண்ணனின் மனைவி, இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்லிப் பணம் கேட்டு வருபவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தவள். வேலையை விட்டுவிட்டு வீட்டு முன்னறையில் இரண்டு நாற்காலியைப் போட்டுத் துப்பறிய உட்கார்ந்தபோது, கொழுந்தன் வேனோடு வந்து ஒட்டிக்கொண்டான். 

இன்று அந்த இரண்டு நாற்காலியிலும் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். 

மனைவி டெய்லர். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்கக்கூட மறந்து ஓடி வந்திருந்தாள். கணவர் ஸ்டிக்கர் அச்சடிக்கும் கடை வைத்திருப்பவர். வந்ததிலிருந்து மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். 

டெய்லரம்மா பையிலிருந்து இரண்டு பச்சைப் பட்டைகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒன்று நீளம், ஒன்று அதில் பாதி. இரண்டிலும் கறுப்புச் சில்லுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. 

"கம்ப்யூட்டர் மெமரிங்க. என் தம்பி கேட்டான்னு வாங்கினேன். ரெண்டும் சேரலைன்னு திரும்பி வந்துடுச்சு. தம்பி மட்டும் வரலை." 

அவள் குரல் உடைந்தது. பிரேக் அவசரமாகத் தண்ணீர் கொடுத்தான். பாதியைத் தன் காலிலேயே ஊற்றிக்கொண்டான்.

"நிதானமா சொல்லுங்க," என்றாள் அண்ணி.

தம்பி கம்ப்யூட்டர் மெக்கானிக். அக்காவின் தையல் கடையை அடுத்த அறைதான் அவன் பட்டறை. எங்கேயோ ஒரு மேஜைக் கம்ப்யூட்டர் நத்தை மாதிரி ஊர்கிறது, மெமரி கூட்டிவிட்டு வருகிறேன் என்று முந்தாநாள் காலையில் கிளம்பியவன். அதற்குப் பிறகு போன் செய்தால் எடுப்பதில்லை. மெசேஜ் மட்டும் வருகிறது. 

"வெளி வேலைக்குப் போனா எப்பவும் இப்படித்தாங்க. என்ன வேணும்னு மெசேஜ் போடுவான், நான் கடையில வாங்கி சைக்கிள் ஸ்டாண்டுல குடுத்துடுவேன், வந்து எடுத்துப்பான். அது வழக்கம்தான். ஆனா அவன் தப்பா கேட்டதே கிடையாது. பழைய மெமரியை போட்டோ எடுத்து அனுப்புவான். 'இதைக் காட்டி இதே மாதிரி வாங்கு, பேரைச் சொல்லி வாங்காதே'ன்னு படிச்சுப் படிச்சு சொல்வான். இந்தத் தடவை போட்டோவே வரலை." 

"இவ ஒரு பயந்தாங்கொள்ளிங்க," என்று குறுக்கே வந்தார் ஸ்டிக்கர்காரர். "அவனுக்கு வேலை மும்முரமா இருக்கும். மெசேஜ்தான் வருதே?" 

"போலீஸ்லயும் அதையேதான் சொல்றாங்க. காணாமப் போனவன் மெமரி வாங்கச் சொல்லி மெசேஜ் அனுப்புவானான்னு சிரிக்கிறாங்க." 

"ரெண்டையும் சைக்கிள் ஸ்டாண்டுல குடுத்தது நீங்களா?" என்று கேட்டாள் அண்ணி.

"இவர்தாங்க. 'நீ இங்கேயே இரு, நானே குடுத்துட்டு வரேன்'னாரு. திருப்பி வாங்கிட்டு வந்ததும் இவர்தான்."

"உங்களுக்குக் கம்ப்யூட்டர் பழக்கம் உண்டா சார்?" 

"எனக்கா?" ஸ்டிக்கர்காரர் சிரித்தார். "ஆன் பண்ணத் தெரியும், ஆஃப் பண்ணத் தெரியும். அதுக்குள்ள என்ன இருக்குன்னு யார் கண்டா?" 

"நம்ம கட்சி சார் நீங்க," என்றான் பிரேக். "எனக்கு ஆஃப் மட்டும்தான் தெரியும்." 

அண்ணி முறைத்தாள். அந்த நேரம் பார்த்து டெய்லரம்மாவின் போன் சிணுங்கியது. நாலு பேரும் ஒரே சமயத்தில் குனிந்தார்கள்.

'அக்கா, அதுவும் சேரலை. சர்வரில் இருந்து கழற்றிய பழைய மெமரி வாங்கு. மலிவாகக் கிடைக்கும். மொத்தம் எட்டு ஜிபி. அதையே வாங்கு, வேறு வாங்காதே.' 

பாசமான மெசேஜ்தான். ஆனால் படிக்கும்போது பிரேக்குக்கு யாரோ தோளுக்குப் பின்னால் நின்று கூடவே படிக்கிற மாதிரி இருந்தது.

*

ஸ்டிக்கர்காரர் தன் ஸ்கூட்டரில் மெமரிக் கடைக்கு முன்னால் போனார். டெய்லரம்மா வேனில் ஏறிக்கொண்டாள். 

தெரு முனை திரும்பியதும் அண்ணி ஒரே கேள்விதான் கேட்டாள்.

"உங்க தம்பி வேலையில கெட்டிக்காரரா?"

"மூடி போட்ட கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தே வியாதி சொல்வான்." 

"அப்படின்னா கேளுங்க. நீங்க முதல்ல வாங்கினது நாலாம் தலைமுறை மெமரி. ரெண்டாவது லேப்டாப் மெமரி. அதோட நீளமே பாதி. மேஜைக் கம்ப்யூட்டரைத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற மெக்கானிக் எவனாவது லேப்டாப் மெமரி கேட்பானா? ஒரு தடவை தப்புன்னா கைத்தவறு. ரெண்டாவது தடவையும் தப்புன்னா அவர் தெரிஞ்சேதான் செய்றார்." 

"எதுக்கு?"

"வேலை முடியக்கூடாதுன்னு. அவரை யாரோ அடைச்சு வச்சிருக்காங்க. அந்த மிஷின் ஓடற வரைக்கும் அவங்களுக்கு அவர் வேணும். ஓடிட்டா வேண்டாம்." 

பிரேக் பெயருக்குத் தகுந்தபடி நடுரோட்டில் வேனை நிறுத்திவிட்டான். பின்னால் வந்த லாரி அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டு ஒதுங்கிப் போனது. 

"அப்ப சரியான மெமரி போய்ச் சேர்ந்தா..." என்று ஆரம்பித்தான்.

"ஓட்டுங்க கொழுந்தனாரே," என்றாள் அண்ணி. 

டெய்லரம்மா அளவு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். விரல் நுனி வெளுத்துவிட்டது. இரண்டு தடவையும் கடைக்காரர் மேல் கோபப்பட்டு, சரியானதை எப்படியாவது வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று தவித்தவள் அவள்தான்.

*

பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடை. சுவர் முழுக்க ஒயர்கள் தொங்கின. கல்லாவில் இருந்தவர் ஒட்டடைக்குச்சி போல ஒல்லி. பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. 

"சர்வர் மெமரியா? யார் கேட்டது, நம்ம மெக்கானிக்கா?" அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அவருக்கு என்னம்மா ஆச்சு? எனக்கே பாடம் எடுக்கிற ஆளாச்சே!" 

"என்ன பாடம்?" என்றாள் அண்ணி.

"கையில காசு கம்மின்னா எப்படி மெமரி வாங்கறதுன்னுதான். முதல்ல மிஷினுக்குள்ள இருக்கிற போர்டு என்ன தலைமுறைன்னு பாரு. மூணுக்கு மூணுதான், நாலுக்கு நாலுதான், மாறிப்போனா உட்காராது. அப்புறம், வேகம் ஜாஸ்தின்னு புதுசுக்குக் காசைக் கொட்டாதே. நீ குதிரையை வாங்கிக் கட்டினாலும் போர்டு மாட்டு வண்டி வேகத்துலதான் ஓடும். மிச்சக் காசுக்கு அளவைக் கூட்டு. முடிஞ்சா ஒண்ணா வாங்காம ஜோடியா வாங்கு, ரெண்டு பக்கமும் சுமை பிரியும். இவ்வளவும் அவர் சொன்னதுதாம்மா." 

டெய்லரம்மா திரும்பி வந்த இரண்டு பட்டைகளையும் காட்டினாள். கடைக்காரர் நீளமானதன் அடி விளிம்பில் இருந்த வெட்டைத் தடவினார்.

"இது நாலு. உட்காரலைன்னா போர்டு மூணாத்தான் இருக்கும். அதுக்கும் முந்தினதுன்னா அதுக்கு மெமரி வேணாம், மாலைதான் வேணும்." உள்ளே போய் இரண்டு பெட்டிகளோடு வந்தார். "பாருங்க. இது மேஜைக் கம்ப்யூட்டர் மெமரி. இது சர்வர் மெமரி. நீளம் ஒண்ணு, வெட்டு ஒண்ணு. மாட்டினா ஜம்முனு உட்காரும். ஆனா சர்வர் மெமரியைப் போட்டா சாதாரண மிஷின் எழுந்திருக்காது. பெரிய கம்பெனிங்க பழைய சர்வர் மிஷினை எல்லாம் கழட்டி எடைக்குப் போடறாங்களா, அதான் கொள்ளை மலிவு. விலையைப் பார்த்து ஏமாந்து வாங்கறவங்க தினமும் வந்து என்கிட்ட சண்டை போடறாங்க."

பிரேக் டெய்லரம்மாவைப் பார்த்தான். அவள் அண்ணியைப் பார்த்தாள். மூன்றாவது தடவையும் அவன் தவறானதைத்தான் கேட்டிருக்கிறான். 

"அப்ப அது எதுக்குங்க?" ஸ்டிக்கர்காரர் முன்னால் வந்தார். நெற்றி வியர்த்திருந்தது. "ஓடாததை வாங்கி என்ன பண்றது? பையன் ஏதோ குழம்பிப்போயிருக்கான். சரியானதையே குடுத்துடுவோம், வேலை முடிச்சிட்டு வீடு வந்து சேரட்டும். எட்டு ஜிபி ஒரே பட்டையா வேணாங்க, விலை ஏறும். ரெண்டு ஸ்லாட்டுக்கும் ஆளுக்கு ஒண்ணா நாலு நாலு போட்டா முடிஞ்சுது. பழசுல நல்லதா பார்த்துக் குடுங்க." 

"வேண்டாங்க!" டெய்லரம்மா கணவரின் கையைப் பிடித்தாள். "அவன் கேட்டதையே குடுப்போம். வேற வாங்காதேன்னு எழுதியிருக்கான்." 

"உனக்கு என்ன தெரியும்? பேசாம இரு!" 

கடையில் அந்தச் சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது. தூங்கிக்கொண்டிருந்த கடைப் பூனை எழுந்து வெளியே போய்விட்டது. பிரேக்குக்கும் அதன் பின்னாலேயே போய்விடலாம் போல இருந்தது. 

அண்ணி மட்டும் பதறவில்லை. 

"சார் சொல்றதுதான் சரி," என்றாள். "மேஜைக் கம்ப்யூட்டர் மெமரி ஒரு ஜோடி பேக் பண்ணுங்க. சர்வர் மெமரியும் ஒரு ஜோடி போடுங்க, எதுக்கும் என்கிட்ட இருக்கட்டும்." 

டெய்லரம்மாவின் வாய் திறந்தபடியே நின்றது. அண்ணி கல்லாவுக்கு அந்தப் பக்கம் போய்ப் பொட்டலத்தைத் தானே கட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, ஸ்டிக்கர்காரர் கையில் கொடுத்தாள். அவர் ஓரத்தைப் பிரித்து, வெட்டு இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு, ஸ்கூட்டரை உதைத்தார். 

"நானே குடுத்துட்டு வந்துடறேன்!" 

*

"கொன்னுட்டீங்களே!" வேனுக்குள் ஏறியதும் டெய்லரம்மா அண்ணியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என் தம்பியைக் கொன்னுட்டீங்களே! சரியானது போனா அவனை விடமாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?" 

"ஸ்கூட்டரை விடாதீங்க கொழுந்தனாரே," என்று பிரேக்கிடம் சொல்லிவிட்டு அண்ணி கைப்பையைத் திறந்தாள். உள்ளே ஒரு ஜோடி பட்டைகள். "சரியானது இதோ இருக்கு. அவர் கையில போறது சர்வர் மெமரி. வெட்டு ஒண்ணுதானே, அவருக்கு வித்தியாசம் தெரியாது." 

டெய்லரம்மா அழுகையை நிறுத்தினாள். 

"ஏன் அவரை ஏமாத்தணும்?"

அண்ணி கைப்பையை மூடினாள். இன்சூரன்ஸ் வேலையிலிருந்தே அவளுக்குப் பிடிக்காத இடம் இதுதான், உண்மையை அது யாரைச் சுடுமோ அவரிடமே சொல்வது. 

"அம்மா, கம்ப்யூட்டர் போர்டுல மெமரியைச் சொருகற ஸ்லாட் சிலதுல ரெண்டு இருக்கும், சிலதுல நாலு இருக்கும். திறந்து பார்த்தாத்தான் தெரியும். அந்த மிஷின்ல ரெண்டுன்னு உங்க தம்பி எந்த மெசேஜ்லயாவது எழுதினாரா?"

"இல்லை."

"கடைக்காரர் சொன்னாரா?" 

"இல்லை." 

"'ரெண்டு ஸ்லாட்டுக்கும் ஆளுக்கு ஒண்ணா'ன்னு உங்க வீட்டுக்காரர் எப்படிச் சொன்னார்? ஆன் பண்ணவும் ஆஃப் பண்ணவும் மட்டும் தெரிஞ்சவர்?" 

கண்ணாடியில் டெய்லரம்மாவைப் பார்க்கவே பிரேக்குக்குத் தைரியம் வரவில்லை. முன்னால் சைக்கிள் ஸ்டாண்டு வந்தது. ஸ்கூட்டர் நிற்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போனது. 

"வேகமா ஓட்டுங்க தம்பி," என்றாள் டெய்லரம்மா. அது வேறு யாருடைய குரலோ போல இருந்தது. 

பிரேக் வாழ்க்கையில் முதன்முறையாகப் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு ஓட்டினான். அண்ணி தனக்குத் தெரிந்த இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டு, போகும் வழியைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஊர் ஓரம். ஒரு நீண்ட மதில், உள்ளே எதிரும் புதிருமாகப் பூட்டிய கிடங்குகள். வேன் உள்ளே நுழையும்போது ஸ்கூட்டர் மதில் ஓரமாகத் தனியாக நின்றிருந்தது. ஆளைக் காணோம். எல்லாக் கிடங்குக்கும் ஒரே மாதிரி இரும்பு ஷட்டர், எல்லாம் இறங்கியிருந்தன. மதிய வெயிலில் ஒரு காக்கை கூடக் கத்தவில்லை. 

"எதுன்னு தட்டறது?" பிரேக் கிசுகிசுத்தான். "தப்பான ஷட்டரைத் தட்டினா அவங்க உஷாராயிடுவாங்க. சரியானதைத் தட்டினா நான் காலியாயிடுவேன். அண்ணி, எனக்கு ரெண்டும் பிடிக்கலை." 

இன்ஸ்பெக்டரும் இரண்டு போலீஸ்காரர்களும் ஜீப்பை வெளியிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார்கள். அவர்களும் ஷட்டர் வரிசையைப் பார்த்து முழித்தார்கள். 

அப்போதுதான் கேட்டது. 

மெல்லிய சத்தம். நீளமாக ஒரு பீப். கொஞ்சம் இடைவெளி. மறுபடி நீளமாக ஒரு பீப். நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. 

டெய்லரம்மா பிரேக்கின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். 

"என் தம்பி பட்டறைச் சத்தம்! மெமரி சரியில்லைன்னா மிஷின் இப்படித்தான் கத்தும். தையல் மிஷினை ஓட்டவே விடாது. 'நிறுத்துடா அந்தச் சனியனை'ன்னு நான் தினமும் திட்டுவேன்." 

அண்ணி காதைத் தீட்டிக்கொண்டு இரண்டடி முன்னால் நடந்தாள். 

"அதுக்குத்தான் சர்வர் மெமரி கேட்டிருக்கார்," என்றாள். "முதல் ரெண்டும் ஸ்லாட்டுல உட்காரவே உட்காராது. இது உட்காரும். உட்கார்ந்து கத்தும். தேடி வந்து கேட்டா அக்காவுக்குத் தெரியும்னு நம்பியிருக்கார்." 

சத்தம் மூலையில் இருந்த ஷட்டரின் அடி இடுக்கிலிருந்து வந்தது. போலீஸ்காரர்கள் இரண்டு பக்கமும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். அண்ணி கைப்பையிலிருந்த ஜோடியை எடுத்துப் பிரேக்கிடம் நீட்டினாள். 

"நீங்க கடை ஆள். மெமரி மாறிப் போச்சு, சரியானதைக் கொண்டாந்திருக்கீங்க. அவங்களுக்கு இப்ப இது கட்டாயம் வேணும். திறப்பாங்க. இவங்க வீட்டுக்காரர் உங்களை அடையாளம் கண்டுக்கறதுக்குள்ள ஷட்டர் ஏறியிருக்கும்." 

"அண்ணி, போலீஸ் மூணு பேர் இருக்காங்க. சம்பளம் வேற வாங்கறாங்க..." 

"அவங்க முகத்துலயே போலீஸ்னு எழுதியிருக்கு. உங்களைப் பார்த்தா யாருக்கும் பயம் வராது." 

அது நியாயமாகத்தான் இருந்தது. பிரேக் போய் ஷட்டரைத் தட்டினான். உள்ளே பேச்சு நின்றது. பீப் மட்டும் நிற்கவில்லை.

"யாரு?" 

"மெமரிக் கடைங்க. பொட்டலம் மாறிப்போச்சு. டெய்லரம்மா ஸ்கூட்டர் நம்பரைச் சொல்லி அனுப்பினாங்க. சரியானது இதுதான். இதைப் போட்டா..." மறுபடி தட்டினான். "இதைப் போட்டா வேலை முடிஞ்சிடுங்க." 

ஷட்டர் இடுப்பளவு உயர்ந்தது. ஸ்டிக்கர்காரர் குனிந்து வெளியே எட்டிப் பார்த்தார். முதலில் பிரேக்கின் முகத்தைப் பார்த்தார். அடுத்து, அவனுக்குப் பின்னால் வெயிலில் நின்ற தன் மனைவியை. 

மற்றதெல்லாம் போலீஸ் பாடு. தடதடவென்று சத்தம், யாரோ ஓடினான், யாரோ விழுந்தான். பிரேக் கண்ணைத் திறந்தபோது தடியன்கள் இருவர் தரையில் குப்புறக் கிடந்தார்கள். அறை முழுக்க மருந்துப் புட்டிகள். காலாவதியான புட்டிகளுக்குப் புதுத் தேதி போட்டு ஒட்ட, தாள் தாளாக லேபிள்கள். மூலையில் அந்த லேபிள்களை அச்சடிக்கும் கம்ப்யூட்டர், மூடி கழற்றியபடி, கத்திக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில், மேஜைக் காலோடு காலைச் சேர்த்துக் கட்டப்பட்டு, உதடு கிழிந்து, மெக்கானிக் உட்கார்ந்திருந்தான். 

டெய்லரம்மா ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டாள். 

"சரியா வாங்கினியாக்கா?" என்றான் அவன். சிரிக்கப் பார்த்தான், உதடு வலித்தது.

"நீ கேட்டதைத்தாண்டா வாங்கினேன். நீ கேட்டதை மட்டும்தான்." 

ஸ்டிக்கர்காரர் இன்ஸ்பெக்டரின் பிடியில் நின்று அழுதார். "நான்தான் அவனைக் கூப்பிட்டேன், உனக்குத் தெரிய வேண்டாம்னு சொல்லி. மெமரியை மட்டும் போட்டுட்டுப் போயிடுவான்னு நெனைச்சேன். அவன் லேபிளைப் பார்த்துட்டான். இவங்க விடலை. என்னை நம்பு. மிஷின் ஓடினதும் விட்டுடறோம்னு என்கிட்ட சத்தியம் பண்ணாங்க. அதான் சரியானதைக் குடுத்துடலாம்னு துடிச்சேன். அவன் நல்லதுக்குத்தான்!" 

டெய்லரம்மா தம்பியைப் பார்த்தாள். அவன் கண்ணால் மேஜைக்கு அடியில் காட்டினான். அங்கே புதுச் சாக்கு ஒன்றும், சுருட்டி வைத்த கயிறும், இரண்டு சிமென்ட் கல்லும் இருந்தன. 

ஸ்டிக்கர்காரரும் அப்போதுதான் அதைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். 

பிரேக்கின் கையில் இன்னும் அந்தச் சரியான ஜோடி இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூட அவனுக்குப் பயமாக இருந்தது. 

கம்ப்யூட்டர் விடாமல் கத்தியது. இன்ஸ்பெக்டர் காதைப் பொத்திக்கொண்டு, "அதை யாராவது நிறுத்துங்கய்யா," என்றார். ஒரு போலீஸ்காரர் சுவிட்சைத் தேடிப் போனார். 

"இருங்க," என்றாள் டெய்லரம்மா, தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு. "இன்னும் கொஞ்ச நேரம் கத்தட்டும்."